ஆயுள் முடிவு நாள் குறிப்போர் சமூகத்துக்கு

பெறுநர்: மென்பொருள்களுக்கு ஆயுள் முடிவு நாள் குறிக்கும் மேலிடத்தார்

பொருள்: புதிய கணினியில் பழைய படகுக் கணக்கு திறக்காமை – தொடர்பாக

மேலிடத்தாரே,

தரவுத்தள மென்பொருள் என்பது, ஒருவர் தம் சொந்தக் கணக்கைப் போட்டுவைத்து, மேலிடம் அனுமதிக்கும் காலம்வரை எடுத்துப் பார்க்க உதவும் கருவி. புதுச்சேரியின் வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊரில் அதில் ஏறக்கூடியவை: தொழிலுக்குப் போன நாள், டீசல் செலவு, வஞ்சிரமும் சங்கராவும் ஏலத்தில் போன விலை, செலவு கழித்து ஆளுக்கு வந்த பங்கு. ஒரு நாள் தொழிலில் பல மீன், பல ஆள். ஆகவே பல அட்டவணைகளும் அவற்றைக் கோக்கும் ஓர் எண்ணும் தேவை. எக்செல்லே போதும் என்பவர் கணக்கில் 'சங்கரா', 'சங்கரா மீன்', 'செங்கரா' என்று கடலுக்கே தெரியாத மூன்று இனங்கள் பெருகும்.

மென்பொருளை மாற்றும் ஆசை பயன்படுத்துபவருக்கு வருவதில்லை; மேலிடத்திலிருந்து அருளப்படுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே வருவதால், 1990-களில் பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுத்த டாஸ் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு 2007-இல் நாள் குறித்தார்கள். 2015 ஜனவரியில் காரியம் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அக்செஸ் உயிரோடிருக்கிறது. ஆனால் அக்செஸ் 97-இல் போட்ட கோப்பை 2013 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் திறப்பதில்லை. 2010 பதிப்பையோ அதற்கு முந்தியதையோ தேடிப்பிடித்து முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழையதைக் கைவிடும் இந்த நாகரிகம் வீராம்பட்டினத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. இங்குள்ள செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்தார். 1954-இல் ஆட்சி கைமாறியது. இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். பழைய வடம் புதிய ஆட்சிக்குப் பொருந்தாது என்று தேர் நிற்கவில்லை.

கைவிடப்பட்ட மென்பொருளுக்கான மாற்றுகளில் முதலில் கைக்கு வருவது லிப்ரேஆஃபீஸ். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பை அதன் கால்க் திறந்துவிடும். நீண்ட குறிப்புகள் மட்டும் அதே பெயரில் எஃப்பிடி என்ற தனிக் கோப்பில் கிடக்கும். அதை விட்டுவிட்டு நகலெடுத்தால் தொகை வரும், விவரம் வராது. அதே தொகுப்பிலுள்ள பேஸ், படிவமும் அறிக்கையும் தரும், காசில்லை. உள்ளே இருக்கும் எச்எஸ்க்யூஎல்டிபி இயங்க ஜாவா வேண்டும். கணக்கு முழுதும் ஒரே கோப்பில் சுருட்டி வைக்கப்படுவதால், சேமிக்கும்போது மின்சாரம் போனால் மொத்தமும் போக வாய்ப்புண்டு. மின்வெட்டுள்ள ஊரில் தினமும் நகல் எடுக்காமல் இதை நம்புவது வீரம்.

அடுத்த மாற்றான எஸ்க்யூலைட், 2000-இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. பதிப்புரிமை கோராமல் பொதுவில் விடப்பட்டது. அதைச் செய்தவர்கள் 2050 வரை ஆதரவு தர எண்ணியிருப்பதாகச் சொல்கிறார்கள். இத்தொழிலில் இது ஒழுங்கீனம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவைச் சேமிக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதுவே வேலை செய்கிறது. குறை: தனியாகப் படிவம் கிடையாது, டிபி பிரவுசர் போன்ற ஒன்றை மேலே வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கணக்குக்கு இதையே எடுப்பது நலம். படிவம் இல்லாவிட்டால் கண்தான் வலிக்கும். கோப்பு திறக்காவிட்டால் கணக்கே இல்லை.

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவற்றால் அவற்றை முதலில் யூனிகோடாக்கி, பிறகே இடம் மாற்ற வேண்டும். வரிசை தவறினால் இரட்டை வேலை.

கோரிக்கை இரண்டு. நாள் குறிக்கும் முன், எல்லா அட்டவணையையும் சிஎஸ்வியாக எடுக்க ஒரே பொத்தான் தரவும். குறித்தே தீருவதானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் குறிக்கவும். வலை பழுதுபார்த்தது போக மிஞ்சும் பொழுதில் கணக்கைத் திரும்பத் தட்டச்சு செய்ய வசதியாயிருக்கும்.

இப்படிக்கு,
ஆதரவு நிறுத்தப்பட்ட பயனர்,
வீராம்பட்டினம்