தவிட்டை மாட்டுக்கு வெச்ச மகராசன்

வாடா பேராண்டி. பெல்ட்டுல புது ஓட்டை போட்டிருக்க போல, பட்டணத்துச் செழிப்பு! கையில என்ன டப்பா? மக்னீசியம் மாத்திரையா? நெஞ்சுக்கு நல்லதாமா? நல்லதுதான், யாரு இல்லைன்னா.

நூறு கிராம் கம்புல அது 120 மில்லிகிராமுக்கு மேல கெடக்கு. கேப்பையில 140ஐத் தாண்டும். நீ உருட்டி முழுங்குற பாலீஷ் அரிசியில 20 தேறுறதே பெருசு. மில்லுக்காரனுக்குக் கூலி குடுத்துத் தீட்டச் சொன்ன. தவிட்டை மாட்டுக்குக் கொட்டுன. இப்ப மருந்துக்கடையில துட்டு குடுத்து அதையே திருப்பி வாங்குற. நீ படிச்ச கணக்கு வீண்போகலை ராசா! நம்ம செவலைப் பசுவுக்கு பிரஷர் பார்க்க இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லை, பாத்துக்க.

என்ன பண்ணுது அதுன்னு கேளு. ரத்தக்குழாய்ச் சுவர்ல தசை இருக்கு. கால்சியம் உள்ள பாஞ்சா இறுக்கும். மக்னீசியம் மடைக்காரன் மாதிரி வாசல்ல நின்னு அளந்து விடும். குழாய் தளரும், பிரஷர் கொஞ்சம் எறங்கும். இதயத் துடிப்பு தடம் மாறாம இருக்கவும் அது வேணும். ஒரு தினுசு தாறுமாறான துடிப்புக்கு டாக்டர்மாரு இன்னைக்கும் நரம்புல ஏத்துறது இதைத்தான்.

உடனே டப்பாவை நெஞ்சோட அணைச்சுக்காத. மாரடைப்புன்னு வந்த 58,000 பேரை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி, 1995ல வெளிவந்துச்சு. பாதிப் பேருக்கு மக்னீசியத்தை ஊசியில ஏத்திப் பாத்தாக. சாவு கொறையலை. வீடு பத்தி எரியும்போது வந்து கெணறு வெட்டுனா அப்படித்தான். மாத்திரையால பிரஷர் எறங்குறதும் ரெண்டு புள்ளி அளவுதான்.

‘ரத்தம் குடுத்துப் பாத்தேன் தாத்தா, நார்மல்’னு பீத்திக்கிறியா? ஒடம்புல இருக்கிற 25 கிராமுல பாதிக்கு மேல எலும்புல இருக்கு; ரத்தத்துல ஓடுறது நூத்துல ஒரு பங்குகூட இல்லை. இதுல சாராயமும் சக்கரை நோயும் இருக்கிறதையும் மூத்திரத்துல வெளிய தள்ளும். நீ என்னைய ஏன் பாக்குற? நான் சாராயம்னுதான சொன்னேன், உன் பேரைச் சொல்லலையே.

கிட்னி பழுதான ஆளு இந்த டப்பாவைத் தொடவே கூடாது, டாக்டர் சொல்லாம. வெளியேத்த முடியாம ஒடம்புலயே தேங்கிரும், துடிப்பே மந்தமாயிரும். நல்ல ஆளுக்குக்கூட அளவு மீறுனா வயித்தால போகும். விடிய விடிய கொல்லைக்கும் வீட்டுக்கும் நடக்கலாம். நடையும் நெஞ்சுக்கு நல்லதுதான்.

உங்க ஆத்தா ராத்திரியே மாவு கரைச்சுப் புளிக்க வெச்சது ருசிக்கு மட்டும்னு நெனச்சியா? தானியத்துல மக்னீசியத்தைக் கட்டிப்போடுற ஒரு பொருள் உண்டு. புளிச்சா அந்தக் கட்டு தளரும், ஒடம்புல சேரும். செம்பு நெறைய கூழ் இருக்கு, மூஞ்சியைச் சுளிக்காமக் குடி. நாளைக்குப் பூசணிக்காய் கூட்டு. வெதையைக் குப்பையில கொட்ட விட்டுறாத, காயவெச்சு வறுத்துத் தின்னு.

ஏய், மோர்மொளகாயை ஒண்ணோட நிறுத்து. உப்பைப் பத்தி இன்னும் நான் வாயே தொறக்கலை.