தவணை முறையில் ஒரு லேப்டாப்

காலை எட்டரை மணிக்குப் பெங்களூரின் ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் ஏறும் கூட்டத்தில் டேப்லட் ஆய்வாளரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதுகில் மூட்டை இருக்காது. அக்குளில் ஒரு டேப்லட், தச்சர் செருகுவதைப் போலக் காதோரம் ஒரு பென்சில். கதவோரக் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்துகொண்டு பிடிஎஃப்பைத் திறப்பார். குவெம்பு ரோடு, ராஜாஜிநகர், மகாலட்சுமி, சோப் ஃபேக்டரி தாண்டி ஐந்தாவது நிலையமான யஷ்வந்தபுரம் வருவதற்குள் மூன்று பக்கம் மஞ்சளாகிவிடும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் "என்னப்பா படிக்கிறே?" என்று கேட்டால், "பிஎச்.டி. அங்கிள், எல்லாம் இதுலயே" என்று பதில் வரும். அந்த 'இதுலயே'யில்தான் அவருடைய வாழ்க்கைத் தத்துவமே இருக்கிறது. படிப்பு வேலைக்கு லேப்டாப் எதற்கு, அது பழைய தலைமுறையின் பாரம் என்பது அவர் கட்சி.

அவர் சோம்பேறி என்று நான் சொல்லவரவில்லை. டேப்லட் வாங்கும் ஆராய்ச்சி மாணவர் உண்மையில் ஒரு லேப்டாப்பைத்தான் வாங்குகிறார், ஆனால் துண்டு துண்டாக, அதிக விலைக்கு, தனக்கே தெரியாமல் வாங்குகிறார் என்பதுதான் என் வாதம். முதல் மாதம் வெறும் பலகை. இரண்டாம் மாதம் கண்ணாடியில் வழுக்குகிறது என்று பென்சில். முதல் சேப்டரை டைப் பண்ண உட்கார்ந்த அன்று திரையின் பாதியை எழுத்துப்பலகை விழுங்கிவிட, அடிக்குறிப்பு எங்கே போயிற்று என்று தேடி, மறுநாளே கீபோர்டு. கைடு கொடுத்த பென் டிரைவைச் செருக இடமில்லாததால் ஒரு ஹப். கழுத்து வலிக்கு ஒரு ஸ்டாண்டு. இப்போது தராசை எடுங்கள். 2022இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோ 682 கிராம். அதற்கென்றே செய்த கீபோர்டும் ஏறக்குறைய அதே எடை. அதே ஆண்டு வந்த மேக்புக் ஏர் 1.24 கிலோதான். பாரம் வேண்டாம் என்று கிளம்பியவர் அதைவிடக் கனமான ஒன்றைச் சுமக்கிறார். ஹப்பையும் ஸ்டாண்டையும் நான் இன்னும் தட்டில் வைக்கவேயில்லை.

இந்தக் குழப்பம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல, சர்க்காருக்கும் இருந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே டெல்லியில் அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லட்டை வெளியிட்டார்: ஏழு அங்குலத் திரை, 256 எம்பி ராம். லேப்டாப் திட்டம் வருஷக்கணக்கில் ஓடியது. ஆகாஷ் பெயருக்கேற்ப மேலே போய்விட்டது. அதன் மலிவான உறுப்புகளுக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் இதை முழுச் சாட்சியாக நான் நிறுத்தவில்லை.

"கையால் எழுதினால்தான் மனசில் நிற்கும், ஆராய்ச்சியே சொல்லுது" என்று நம் ஆள் மறுப்பார். உண்மைதான். 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் அப்படி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: லேப்டாப்பில் குறிப்பெடுப்பவர்கள் கேட்டதை அப்படியே தட்டித் தள்ளுகிறார்கள், கையால் எழுதுபவர்கள் யோசித்துச் சுருக்குகிறார்கள் என்று. 2021இல் அதையே திரும்பச் செய்துபார்த்த குழுவுக்கு, சொல்லுக்குச் சொல் எழுதும் பழக்கம் தெரிந்ததே தவிர, தேர்வில் கையெழுத்துக்காரர்கள் ஜெயித்தது தெரியவில்லை. சரி, முதல் கட்டுரையையே நம்புவோம். அது வகுப்புக் குறிப்புக்கான வாதம். கோர்ஸ் ஒர்க் முடிந்த பிறகு யார் வகுப்பெடுக்கிறார்கள்? அதற்கப்புறம் மிச்சமிருப்பது தீசிஸ். நூற்றுக்கணக்கான பக்கம், மேற்கோள் பட்டியல், அட்டவணை, கைடு சிவப்பில் திருத்தி அனுப்பிய வேர்டு ஃபைல். ஒரு பக்கம் மூலத்தையும் மறு பக்கம் எழுதுவதையும் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் பழைய சேப்டரிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டும் வேலை. விரலால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பவர் படும் பாட்டை, பொங்கலிலிருந்து மிளகை மட்டும் பொறுக்குபவர்தான் அறிவார்.

வாசிப்புக்கு டேப்லட்டை மிஞ்ச ஆளில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கேன் செய்த பழைய புத்தகம் ஒரு முழுப் பக்கமாக, நிமிர்ந்து, கைக்குள் அடங்கி நிற்கிறது. நெரிசலில் நின்றபடி படிக்கலாம். ஒரே அறையில் மூன்று பேர் தூங்கும் ஸ்ரீராம்புரத்து மாடி வீட்டில் விளக்கைப் போடாமல் படிக்கலாம். ஓலையும் எழுத்தாணியும் கண்ட இனத்துக்குப் பலகையும் பென்சிலும் புதிதுமில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வாசிப்பது இவ்வளவு சுகமாக இருக்கும்போது எழுத யாருக்கு மனசு வரும்? இன்னும் ஒரு கட்டுரை, இன்னும் ஒரு மஞ்சள் கோடு. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று, அதிகம் போனால் ஆறு ஆண்டு என்று யுஜிசியின் 2022 விதி சொல்கிறது. மஞ்சள் பூசுவதற்கு அது எந்தக் கணக்கும் வைக்கவில்லை.

கடைசி வருஷத்தில் நம் ஆள் தம்பியின் லேப்டாப்பைக் கடன் வாங்கி, நாலே மாதத்தில் தீசிஸை முடித்துவிடுவார். டேப்லட் விற்பனைக்கு வரும். பயப்படாமல் வாங்குங்கள். கீபோர்டு புத்தம் புதிதாக இருக்கும், பென்சில் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.