கை இருக்கிறது, ஓடாதே!

பிட்ஸ்பர்க்

அன்புள்ள மாமாவுக்கு,

பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தாயிற்று. புளியோதரையும் நன்றாக இருந்தது.

"கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் போயும் போயும் பேஸ்பாலா பார்க்கிறாய்?" என்று போனில் கேட்டீர்கள். போனில் உங்களுக்குப் பதில் சொல்ல இடைவெளி கிடைக்காது. அதனால்தான் கடிதம்.

உங்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது. ஆட்டம் இரண்டரை, மூன்று மணி நேரம் நடக்கிறது. அதில் பெரும்பொழுது, யாராவது தொப்பியைச் சரிசெய்வதையும் எச்சில் துப்புவதையும்தான் பார்க்கிறோம். நடுவில் பியரோகி என்ற தின்பண்டத்தின் வேஷம் கட்டிக்கொண்டு ஆட்கள் மைதானத்தில் ஓட்டப்பந்தயம் விடுகிறார்கள். பியரோகி என்றால் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் எழுந்து நின்று, தன் கொழுக்கட்டை ஜெயிக்கவேண்டும் என்று கத்துகிறது. எல்லோரும் படித்தவர்கள்.

ஆனால் எறிகிறான் பாருங்கள் மாமா, அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

உயரே போன பந்தை பீல்டர் பிடித்தால் அடித்தவன் அவுட். அதோடு தீராது. பேஸில் காலை வைத்துக் காத்திருக்கும் ரன்னர், பந்து பிடிபட்ட நொடியில் அடுத்த பேஸுக்கு ஓடலாம். பேஸுக்கு பேஸ் 90 அடி. நாலு விநாடி வேலை. அதற்குள் முந்நூறு அடி தள்ளி நிற்கிறவன் எறிந்த பந்து வந்து சேரவேண்டும். ஸ்டம்பு கிடையாது. பந்தை வாங்குகிறவன் அந்தப் பந்தோடு ரன்னரைத் தொட்டால்தான் அவுட். வலது மூலையிலிருந்து மூன்றாம் பேஸ் ரொம்ப தூரம் என்பதால், கையில் வலுவுள்ளவனை ரைட் பீல்டில் நிறுத்துவது வழக்கம்.

உங்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 2003 உலகக் கோப்பையில் சோயப் அக்தர் வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர். 2016-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரன் ஹிக்ஸ் அவுட்பீல்டிலிருந்து எறிந்து ஒருவனை, ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டில் அவுட்டாக்கினார். வேகம் மணிக்கு 105.5 மைல், அதாவது சுமார் 170 கிலோமீட்டர். "முழங்கையை மடக்கி எறிந்தால் நானும்தான் எறிவேன்" என்பீர்கள். அக்தருக்கு அந்தச் சலுகை இல்லை, உண்மை. ஹிக்ஸுக்கு அக்தரின் நெடும் ஓட்டம் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஓட்டமே இல்லாமல் எறிந்தவரும் உண்டு. 1989 ஜூனில் சியாட்டிலில், போ ஜாக்சன் இடது மூலைச் சுவரருகே பந்தைப் பொறுக்கினார். நின்ற இடத்திலிருந்தே விட்டார். பந்து தரையில் படாமல் நேரே கேட்சர் கைக்குப் போயிற்று. ஓடிவந்த ஹெரால்ட் ரெனால்ட்ஸ் அவுட். அவர் மந்தமான ஆளில்லை. இரண்டு வருஷம் முன்னால் அந்த லீகிலேயே அதிக பேஸ் திருடியவர்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஆசையாகச் சொன்னேன். முகத்தைச் சுளித்துவிட்டு, "க்ளெமெண்டேயைப் பார்த்திருக்கிறாயா?" என்றார். ராபர்ட்டோ க்ளெமெண்டே 1972-லேயே போய்விட்டார். நான் எங்கே பார்ப்பது? இந்த ஊரில் எவன் எதை எறிந்தாலும் இந்தக் கேள்விதான் வரும். ஒனீல் க்ரூஸ் என்று ஆறரை அடி உயரப் பையன், 2022-இல், க்ளெமெண்டே ஆடிய இந்த ஊர் பைரேட்ஸ் அணிக்காக இன்பீல்டிலிருந்து 97.8 மைல் வேகத்தில் எறிந்தான். பெரியவர் அதற்கும், "பரவாயில்லை" என்றார்.

க்ளெமெண்டே போர்ட்டோ ரிக்கோக்காரர். பள்ளியில் ஈட்டி எறிந்தவராம். ஈட்டியை விட்டாலும் கை அதை மறக்கவில்லை. அவுட்பீல்டுக்கான தங்கக் கையுறை விருது பன்னிரண்டு முறை. 1961-இல் மட்டும் அவருடைய எறியால் 27 அவுட். இன்றைய மைதானத்தின் வலது சுவரை, அவருடைய சட்டை எண்ணை வைத்தே 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள்.

பெரியவர் ஒன்று சொன்னார், அதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். நல்ல கைக்காரனுக்கு எண்ணிக்கை ஏறாதாம். பெயர் பரவிவிட்டால் எவனும் ஓடமாட்டான். மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் கோச்சே இரண்டு கையையும் தூக்கி நிறுத்திவிடுவார். ஓடாமல் நின்றவனை எந்தக் கணக்கில் எழுதுவது? இப்போது நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று அடி ஓடிவிட்டுத் திரும்பி வருகிறவனைத்தான் பார்க்கிறேன். திரும்பும்போது அவன் முகத்தில் ஒரு அசடு வழியும் பாருங்கள், அதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடுகிறது.

க்ளெமெண்டே போனதும் ஒரு விதமாகத்தான். நிகராகுவாவில் பூகம்பம், நிவாரணச் சாமான் ஏற்றிய விமானத்தில் தானே ஏறினார். டிசம்பர் 31 இரவு அது கடலில் விழுந்தது. அவர் பெயரில் இங்கே ஒரு பாலம் இருக்கிறது. ஆட்ட நாளில் வண்டிகளை நிறுத்திவிட்டு, மைதானத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட முழங்கால் பட்டையை அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். இடதா வலதா என்று எழுதவில்லையே? அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். உங்களைக் கேட்டால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்பீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்