'இல்லை' என்பதில் உறுதியானது

எங்கள் மெய்ப்புப் பிரிவில் எல்லோருடைய எடிட்டரிலும் ஓர் அகராதி ப்ளகின் இருக்கிறது. இலவசம். அளவில் சிறியது. சொல்லின் மேல் கர்சரை வைத்துச் சாவியைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். இவ்வளவு உறுதியாகப் பேசும் மென்பொருளை நான் பார்த்ததில்லை. தமிழில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அநேகமாக அது சொல்வது இதைத்தான்: 'சொல் இல்லை.'

சென்ற மாதம் ஒரு கிராமத்துக் கதை மெய்ப்புக்கு வந்தது. மாடு கட்டி நீர் இறைக்கும் 'கமலை' அதில் வருகிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ப்ளகினைக் கேட்டார்; இல்லை என்றது. சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்பிவிட்டார். கேட்டவரின் மனதில் ஐயத்துக்கு இடமே வைக்காமல் பதில் சொல்வது எல்லாக் கருவிக்கும் வாய்க்காது.

அகராதிக்கு என்ன போகிறது என்று பார்க்க, தேடும் சொல்லைக் கன்சோலில் அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தோம். அப்போதுதான் ப்ளகினின் சிக்கனம் புரிந்தது. 'கமலை'யில் ஐகாரக் குறியைக் கழற்றிவிட்டு 'கமல' என்று அனுப்பியிருந்தது. 'மரம்' கேட்டால் புள்ளியை நீக்கி 'மரம'. 'பாடல்' என்றால் 'ப' ஒரு துண்டு, 'டல' ஒரு துண்டு. 'தமிழ்' என்ற சொல்லையே 'தம' என்றும் 'ழ' என்றும் பிரித்துவைத்தது. குறியே இல்லாத 'பல' மாதிரியான சொற்கள் மட்டும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன.

காரணம் எளியது. ப்ளகின் பைத்தானில் எழுதப்பட்டது. பைத்தானோடு வரும், எழுத்துத் தொடர்களைத் தேடிப் பிரிக்கும் ரீஜெக்ஸில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்ற குறி எழுத்து, எண், அடிக்கோடு இவற்றை மட்டும் சொல்லின் உறுப்பாக ஏற்கும். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனி எழுத்துகளாக அல்ல, 'மார்க்' என்ற வகையில் இருக்கின்றன. அதனால் அவற்றைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு இது குறையே இல்லை. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் சொல்லில் சேர்த்துக்கொள் என்று மாற்றியதும் 'தமிழ்' ஒன்றுகூடியது.

அடுத்தது அதன் கூர்மை. நம் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு அதற்குத் தெரியும். 'கொடு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், யூனிகோட் விதிப்படியும் சமம்தான். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகை அகப்படுவதுண்டு. ப்ளகின் அதைச் சரியாகக் கண்டுபிடித்து, அகராதியில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். இரண்டு குறிகளையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற பைத்தானிலேயே வசதி உண்டு. ஒரு வரி போதும்.

அதன் நேர்மையும் சாதாரணமானதல்ல. கொடுத்த சொல்லில் தன் கை படவிடாது. 'புத்தகத்தைப்' என்று வாக்கியத்தில் இருந்தால், வேற்றுமை உருபோடும் ஒற்றோடும் அப்படியே அகராதிக்குக் கொண்டுபோகும். அங்கே இருப்பதோ 'புத்தகம்'. அச்சு அகராதியும் இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 'செய்தான்' என்று அதில் தேடிக் கிடைக்காது. 'செய்-தல்' என்று தேட வேண்டும். புத்தகத்தைப் புரட்டும் மனிதர் யோசிக்காமலே இதைச் செய்துவிடுவார். ஒற்றை நீக்கி, 'த்தை'யை 'ம்' ஆக்கும் சிறு பட்டியல் ஒன்றை நாங்கள் சேர்த்ததில் பெயர்ச்சொற்கள் ஓரளவு வழிக்கு வந்தன. வினைச்சொற்கள் இன்னும் வரவில்லை. அதற்கு முறையான சொற்பகுப்பி வேண்டும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது அதன் பொறுமை. அகராதிச் சர்வர்களைக் கேட்பதற்காக 1997இல் வகுத்த டிக்ட் நெறிமுறையில் 2628 என்ற போர்ட் வழியாகச் சர்வரிடம் பேசுகிறது. அலுவலக ஃபயர்வால் அந்தப் போர்ட்டை அடைத்திருந்த நாட்களிலும் அது ஒரு முறைகூட முறையிடவில்லை. எந்தப் பிழை வந்தாலும் விழுங்கிவிட்டு வழக்கமான பதிலைச் சொல்லும்படி எழுதியிருக்கிறார்கள். தன் வேலை நடக்கவில்லை என்பதைக் கடைசிவரை வெளியே விடவே இல்லை. பழியைச் சொல்லே ஏற்றுக்கொண்டது.

முதல் மூன்றும் திருத்தக்கூடியவை, வினைச்சொற்கள் தவிர மற்றதைத் திருத்தியும் விட்டோம். இந்தக் கடைசிக் குணம்தான் என்னை வருத்துகிறது. எழுதத் தொடங்கும் பிள்ளைகள் கருவியை நம்புகிறார்கள். பாட்டி சொன்ன சொல்லைத் திரை 'இல்லை' என்றால், சந்தேகம் பாட்டியின் மேல்தான் விழும்.

அகராதி ப்ளகின் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருத்தம் இல்லை என்பதற்கு டிக்ட் சர்வர் 552 என்ற எண்ணைத் தனியாகவே அனுப்புகிறது. அந்த எண் வந்தால் மட்டும் 'சொல் இல்லை' என்று காட்டுங்கள்; இணைப்பு கிடைக்காவிட்டால் இணைப்பு கிடைக்கவில்லை என்றே சொல்லுங்கள். எந்த வடிவில் தேடினீர்கள் என்பதையும் பக்கத்தில் காட்டுங்கள். 'கமல' என்று திரையில் தெரிந்திருந்தால் அந்தத் தம்பி கேள்விக்குறி போட்டிருக்க மாட்டார்.