கரட்டுக்குக் குளிர்

தம்புள்ளையில் மரக்கறிக்கு இப்போது குளிரூட்டிய களஞ்சியம் உண்டு. இந்திய உதவி, கொள்ளளவு 5000 மெற்றிக் தொன். 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரும் நம் ஜனாதிபதியும் கொழும்பில் இருந்தபடியே திரை வழியாகத் திறந்துவைத்தார்கள். தம்புள்ளையின் சித்திரை வெயில் தெரிந்த எவரும் அதைக் குறை சொல்லமாட்டார்.

தேவையான கட்டடம்தான், மறுக்கவில்லை. மழை பருவம் தப்பினால் விளைச்சலெல்லாம் ஒரே கிழமையில் பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து குவியும். விலை விழும், மிச்சம் அழுகும். செயலமர்வுகளில் இதற்குப் பரிகாரம் ‘காலநிலை இசைவாக்கம்’. அந்த மண்டபங்களிலும் குளிருக்குக் குறைவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இசைவாக்கம் கண்ணை மூடிக்கொண்டே நடக்கும்.

வெங்காயத்துக்கு எத்தனை பாகை, எத்தனை வீதம் ஈரப்பதம் என்று கணக்கு உண்டு. அதைச் சுமக்கும் நாட்டாமைக்குத் தோளில் ஒரு துவாய். லொறியோடு வரிசையில் வேகும் விவசாயிக்கு அதுவும் சொந்தச் செலவு.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகத்தில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டன. கரட்டுக்கு அறை இருந்தது, வந்து சேர வழிதான் இல்லை. பாதைக்கு யார் திரையில் பொத்தான் அழுத்துவார்களோ?