இயர் செவன் அப்பா

மெல்பர்னின் டார்னெய்ட்டில் 'இயர் செவன் அப்பா' என்று ஒரு வகை உண்டு. டிசம்பரில் பள்ளி மூடியதும் தலைகாட்டுவார்; மார்ச்சில் தேசிய நாப்லான் தேர்வு முடிந்தால்தான் கொஞ்சம் அடங்குவார். ஆறு வாரக் கோடை விடுமுறை. கிரேடு சிக்ஸை முடித்த களிப்பில் பிள்ளை சோபாவில் கவிழ்ந்து கிடக்க, சாப்பாட்டு மேசையில் அல்ஜீப்ரா புத்தகம் விரிந்திருக்கும். "ஹை ஸ்கூல்னா சும்மாவாடா? பேஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்பது இவருடைய ஜனவரி மந்திரம். யூனிஃபார்ம் மட்டும் அம்மா இலாகா: இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, இயர் நைன் வரைக்கும் தாங்கும் என்று முடித்துவிடுவார்.

அப்பாவின் உழைப்பில் குறையே கிடையாது. பிப்ரவரியில் யாரும் வைக்காத பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார் செய்கிறார் என்பதுதான் என் கட்சி. நேற்றுவரை ஒரே வகுப்பறை, பெரும்பாலும் ஒரே டீச்சர். இன்று பாடத்துக்கொரு ஆசிரியர், பாடத்துக்கொரு அறை. மணி அடித்ததும் சயின்ஸ் அறை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். ராத்திரியே லேப்டாப்பைச் சார்ஜில் போட்டிருக்க வேண்டும். போனில் தோழனைக் கேட்கலாமென்றால், அரசுப் பள்ளிகளில் 2020-இலிருந்தே முதல் மணி தொடங்கி கடைசி மணிவரை அது அணைந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த லாக்கர் பூட்டு. வலப்பக்கம் இரண்டு மூன்று சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்து. இடப்பக்கம் திருப்பி, அந்த எண்ணை ஒருமுறை தாண்டி இரண்டாம் எண். மறுபடி வலப்பக்கம் மூன்றாம் எண். ஒரு கோடு பிசகினாலும் ஆரம்பத்திலிருந்து. பின்னால் இயர் நைன் பையன் "நகரு" என்று நிற்கும்போது அல்ஜீப்ரா என்ன செய்யும்?

போட்டி கடுமையில்லையா என்று கேட்பார்கள். கடுமைதான். பக்கத்து வெரிபீயில் 2011-இல் தொடங்கிய சூசன் கோரி தேர்வுமுறைப் பள்ளி, இந்த அப்பாக்களின் திருப்பதி. ஆனால் அங்கே சேர்வது இயர் நைனில். நுழைவுத் தேர்வு எழுதுவது இயர் எய்ட்டில், ஆண்டின் நடுவில். இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. ஊர் புதிது, பள்ளிமுறை பழக்கமில்லை, பயம் வராதா என்பது அடுத்த வாதம். எல்கேஜியில் நுழைந்து ப்ளஸ் டூவில் வெளியேறும் பள்ளிகளில் படித்தவருக்கு இந்த மாற்றம் மிரட்டத்தான் செய்யும். ஆனால் டார்னெய்ட் பி-9 கல்லூரி போல, ஆறும் ஏழும் ஒரே வேலிக்குள் இருக்கும் பள்ளிகளுக்குப் பிள்ளையை அனுப்புகிறவரும் இதே அல்ஜீப்ராவைத்தான் விரிக்கிறார். ஆகவே, பயம் பள்ளி மாறுவதால் மட்டும் வருவதில்லை. லாக்கர், ஹோம்குரூப், ஓவல் ஓரம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது — இவை எதையும் அவர் தம் பன்னிரண்டு வயதில் பார்த்ததில்லை. பார்க்காததை எப்படிச் சொல்லித்தருவார்? தெரிந்தது கணக்கு, அதை அள்ளித் தருகிறார். இதை அக்கறையில்லை என்று யார் சொன்னது? அக்கறைக்கும் ஒரு சிலபஸ் வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளையோ பத்து நாளில் பூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறது. டிசம்பர் ஓரியண்டேஷன் நாளிலேயே பாதிப் பயம் போயிருந்தது. வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பாவின் கைக்கு இப்போது பள்ளியின் காம்பஸ் செயலி வந்திருக்கிறது. 2015-இல் திறந்த டார்னெய்ட் ஸ்டேஷனில் வி-லைன் ரயிலேறி, சதர்ன் கிராஸ் வரைக்கும் நின்றுகொண்டே அதைத் தேய்க்கிறார். 'முதல் பீரியட், தாமதம்' என்று ஒரு வரி. ரயிலை விட்டு இறங்குவதற்குள் இயர் செவன் கோஆர்டினேட்டருக்கு மூன்று பத்தி ஈமெயில் போகிறது. மாலையில் விசாரித்தால், "பிரிண்டருக்குப் போனேன்ப்பா" என்கிறது பிள்ளை. அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். பூட்டு, டைம்டேபிள், தூக்கம் என்று கோஆர்டினேட்டர் பேசி முடித்ததும் முதல் வரிசையிலிருந்து ஒரு கை உயர்கிறது: பள்ளியிறுதி விசிஇயில் ஸ்பெஷலிஸ்ட் மேத்ஸ் எடுக்க இப்போதிலிருந்தே என்ன செய்ய வேண்டும்?