சாமானோடு வருகிறவர்

யாழ்ப்பாணத்தில் கராச் வைத்திருக்கிற எவருக்கும் இவரைத் தெரியும். ஒரு கையில் கார்த் திறப்பு, மறு கையில் சொப்பிங் பை. பைக்குள் பெட்டி, பெட்டிக்குள் பொலித்தீன், அதற்குள் சாமான். "தம்பி, சாமான் எல்லாம் என்னட்டை இருக்கு. பூட்டி விட்டால் சரி" என்பார். பஞ்சிகாவத்தையில் அதன் விலை, அங்கே நாலு கடை தள்ளிப் போனால் விலை, கொழும்பு பஸ்ஸில் பார்சல் போட்ட கூலி எல்லாம் அவருக்கு மனப்பாடம். இவரைக் கஞ்சர் என்று ஊர் சொல்வது தவறு. ரெலிபோனுக்கும் பார்சலுக்கும் ஓடிய அலைச்சலுக்கும் கணக்குப் பார்த்தால் அவருக்கு மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இராது. காருக்கு என்ன வருத்தம் என்று முடிவு சொல்லும் உரிமையைத்தான் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். பைக்குள் இருப்பது பாதி சாமான், பாதி தீர்ப்பு.

கிளச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்குகிறது என்று மச்சான் ஒருவர் சொல்லியிருப்பார்; இவர் கிளச் பிளேற் ஒன்றோடு வந்து நிற்பார். அதை மாற்றக் கியர் பொக்ஸை இறக்க வேணும்; அரை நாள் வேலை. இறக்கிப் பார்த்தால் பிறெஷர் பிளேற் தேய்ந்திருக்கும், றிலீஸ் பெயறிங் கரகரக்கும். "அதுகள் கிடக்கட்டும், நான் கொண்டு வந்ததை மட்டும் போடும்" என்பார். சில மாதத்தில் பெயறிங் கத்தத் தொடங்கும். அதே கியர் பொக்ஸை இன்னொருமுறை இறக்க வேணும், கூலியும் இன்னொருமுறை. அப்போது பிழை யாருடையது? ஊர் முழுக்கச் சொல்லப்படுவது மெக்கானிக்கின் பெயர்தான்.

சாமான் பொருந்துவதும் லேசான காரியமில்லை. 2005இல் வந்த ரொயோட்டா விற்ஸ் வெளியே பார்க்க ஒன்று, உள்ளே 1.0, 1.3, 1.5 லீற்றர் என்று வேறு வேறு எஞ்சின்கள். சேஸி நம்பர் பாராமல் 'விற்ஸ் சாமான்' என்று வாங்குகிறவர் அதிர்ஷ்டத்தை நம்பி வாங்குகிறார். இவர்களில் உச்சம், கனடாவிலிருந்து மருமகன் சூட்கேசில் கொண்டு வந்த ஹெட்லைற்றோடு வருகிறவர். அங்கே அதே கார் யாரிஸ். லைற் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வலப்பக்கம் ஓடுகிற நாட்டு லைற், வெளிச்சத்தை வலப்பக்கம் தூக்கி அடிக்கும். இங்கே வலப்பக்கம் வருவது எதிரே வருகிறவரின் கண். ஏ9 வீதியில் இரவில் அவரை எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

கராச்காரர் சாமானில் லாபம் வைக்கிறாரே, டுப்ளிகேற்றை ஒரிஜினல் என்று தருகிறாரே என்று கேட்கலாம். அப்படியானவர்கள் இருக்கிறார்கள், பெட்டியையும் பில்லையும் கேளுங்கள், கழற்றிய பழசைக் கையில் வாங்குங்கள். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வந்தது? அரை மணித்தியாலம் காரின் கீழே படுத்து, சத்தம் எங்கே என்று காது வைத்துக் கேட்பதற்கு இங்கே எவரும் சல்லி கொடுப்பதில்லை. கொடுக்காத அந்தக் கூலிதான் சாமான் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அவர் தந்த சாமான் பழுதானால் அவரே மாற்றித் தர வேணும். நீங்கள் கொண்டுபோனது பழுதானால் அவரை எப்படிக் கேட்பது?

இந்தப் பழக்கத்துக்கு ஞாயமான பூர்வீகமும் உண்டு. 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் தடைகளுக்குள் கிடந்த குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சில சொட்டுப் பெற்றோலில் இயங்கத் தொடங்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. சாமான் தேடி அலைவது அன்று கார்க்காரரின் கடமை. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றபோதும் பழசுகளைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாளில் மெக்கானிக் பார்த்து இன்னது வேணும் என்றார், கார்க்காரர் தேடப் போனார். இன்று தேடி வாங்கிய பிறகுதான் மெக்கானிக்கிடம் காட்டுகிறார். மேசனுக்குச் சீமெந்தை நாங்கள்தானே வாங்கிக் கொடுக்கிறோம் என்ற வாதத்துக்கும் பதில் இதுதான். எத்தனை பை என்று மேசன் சொன்ன பிறகு வாங்குகிறோம், நாட்கூலியும் கொடுக்கிறோம். காருக்கும் அப்படியே செய்யலாம்: முதலில் காட்டுங்கள், பார்த்ததற்குக் கூலி கொடுங்கள், அவர் எழுதித் தருவதை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். இவ்வளவையும் அவரிடம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவார், ஒன்றைத் தவிர. "பார்க்கிறதுக்கும் காசோ?"